இல்லை என்று சொல்லாத பெட்டி

நவம்பர் 3, திங்கள்

காலையில் ஈரோட்டிலிருந்து போன். குறைமாதக் குழந்தைகள் வார்டில் சோதனைக்காக வைத்திருக்கும் நம் கம்பெனியின் நான்கு மானிட்டர் பெட்டிகளில் ஒன்று நேற்று மத்தியானம் உறைந்து நின்றுவிட்டதாம். திரை அணையவில்லை. அணைந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். ஆக்சிஜன் 96 என்று காட்டிக்கொண்டே நின்றிருக்கிறது, அதுவும் நல்ல எண். குழந்தையின் உதடு நீலம் பாரிப்பதைத் தற்செயலாகப் பார்த்த சிஸ்டர் அமலி ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டி மூச்சை வரவழைத்திருக்கிறார். குழந்தை நன்றாக இருக்கிறது. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

பெட்டியின் அடிமட்ட மென்பொருள், அதாவது கெர்னல், என் குழுவின் பொறுப்பு. குழு என்றால் நானும் பூபதியும்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காபி மிஷின். எம்.டி. ஜெகதீசன் சார் கூப்பிட்டு, இருபத்து நாலாம் தேதி வார்டு முழுக்க நம் பெட்டிதான் ஓடப்போகிறது, அதில் மாற்றமில்லை என்று தேன் ஒழுகச் சொன்னார். அவர் கத்தினால்கூட எனக்குப் பரவாயில்லை. இந்தத் தேனுக்குத்தான் பயப்படுகிறேன்.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு குடம்.

நவம்பர் 4, செவ்வாய்

காரணம் தெரிகிறவரை பெட்டிகளின் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பூபதியைப் போகச் சொன்னேன். அலாரத்தை இயக்கும் நிரலை, அதாவது டிரைவரை, எழுதியவர் அவர்தான். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். கண்டுபிடிக்கிற வரைக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆகட்டுங்க மேடம்" என்றார்.

இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆறு வருஷமாக அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல் வந்ததில்லை. மற்ற டீம் லீடர்கள் புலம்பும்போதெல்லாம் நான் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். இன்றைய மீட்டிங்கில்கூட, என் குழுவில் யாருக்கும் என்னைக் கண்டு பயமில்லை, எதையும் தைரியமாகச் சொல்லலாம் என்றேன். பூபதி தலையாட்டினார்.

நவம்பர் 6, வியாழன்

இட்லி சாப்பிடும்போது என்னதான் சிக்கல் என்று சொக்கலிங்கம் கேட்டார். கட்டிய பாவத்துக்குக் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டாமா. சொன்னேன். ஒரு கருவிக்குள் பல நிரல்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் வேலைக்கு மெமரி வேண்டும் என்று கெர்னலைக் கேட்கும். இருந்தால் கெர்னல் கொடுக்கும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லும்.

"இல்லைன்னா கேட்டவன் என்ன பண்ணுவான்?"

அதேதான். கேட்கிற நிரலை எழுதியவர் அதை யோசித்திருக்க வேண்டும். பெரும்பாலும் யோசிப்பதில்லை, ஏனென்றால் சின்னச் சின்னத் தேவைகளுக்குக் கெர்னல் இல்லை என்று சொல்வதே அபூர்வம். காத்திருக்கும், எங்காவது தேற்றிப் பார்க்கும். ஒரேயடியாக வறண்டுவிட்டால், அதிகம் தின்னும் நிரல் ஒன்றைப் பிடித்துக் கொன்று அந்த இடத்தை எடுத்துக் கொடுக்கும். அந்த வேலையைச் செய்யும் பகுதியை நாங்கள் கொலைகாரன் என்றே சொல்வோம். சொக்கலிங்கம் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, நல்ல ஆபீஸ் என்றார்.

என் சந்தேகம் இதுதான். எங்கோ ஒரு நிரலுக்கு மெமரி இல்லை என்று பதில் வந்திருக்கிறது, அதைக் காதில் வாங்காமல் அது மேலே போய் முட்டி நின்றிருக்கிறது. நாளையிலிருந்து கெர்னலை வேண்டுமென்றே கைவிரிக்கச் செய்யப்போகிறோம். மெமரி இருக்கும்போதே இல்லை, இல்லை என்று சொல்ல வைக்கும் சோதனை. யார் தடுக்கி விழுகிறார்களோ அவர்தான் குற்றவாளி.

நவம்பர் 8, சனி

ஆயிரக்கணக்கான முறை இல்லை என்று சொல்லிப் பார்த்தாயிற்று. பெட்டி ஒரு முறைகூட நிற்கவில்லை. இரண்டு சின்னப் பிழைகள் கிடைத்தன, அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜெகதீசன் சார் கைகொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

பூபதிக்குப் போன் செய்து சொன்னேன். மாடிப்படியில் நின்று பேசுகிற மாதிரி எதிரொலித்தது. இப்போதெல்லாம் எப்போது கூப்பிட்டாலும் மூச்சு வாங்கப் பேசுகிறார். "மேடம், வெள்ளிக்கிழமை ஒரு நாள்..." என்று ஆரம்பித்தார். இருபத்து நாலு முடிகிறவரை லீவு என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்றேன். இல்லைங்க, சும்மாதான் கேட்டேனுங்க என்றார். சும்மா கேட்பதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா.

நவம்பர் 10, திங்கள்

மோட்டார் சரியாகிவிட்டது. பெட்டியும் சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 12, புதன்

மறுபடியும் நின்றுவிட்டது.

மூன்றாம் படுக்கை. ஆக்சிஜன் 94 என்ற எண்ணோடு உறைந்துவிட்டது. பூபதி பக்கத்திலேயே இருந்திருக்கிறார். உடனே கவனித்துச் சிஸ்டரைக் கூப்பிட்டு, குழந்தையைப் பழைய மானிட்டரில் மாட்டச் செய்துவிட்டு, நம் பெட்டியின் மெமரி முழுவதையும் அப்படியே படியெடுத்து எனக்கு அனுப்பிவிட்டார். பதறாமல் செய்திருக்கிறார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் பெட்டியைத் தட்டித் தட்டி இருந்த தடயத்தையும் அழித்திருப்பேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை.

சாப்பாட்டு நேரமாயிற்றே, எப்படி அங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். இங்கதானுங்க இருந்தேன் என்றார்.

நவம்பர் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

யாரும் 'இல்லை' என்று சொல்லவில்லை. அதுதான் குற்றமே.

அலாரம் டிரைவர் ஒரு சின்ன மெமரி கேட்கிறது. கேட்கும்போதே, இல்லை என்ற பதில் எனக்கு வரவே கூடாது என்று ஒரு குறியையும் சேர்த்து அனுப்புகிறது. கெர்னலில் அப்படி ஒரு குறி உண்டு. அது இருந்தால் கெர்னல் மறுக்காது, கிடைக்கிறவரை காத்திருக்கும், எவ்வளவு நேரமானாலும். அப்படிக் காத்திருக்கும்போது டிரைவர் கையில் ஒரு பூட்டை வைத்திருக்கிறது. சென்சாரின் எண்களை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம் என்பதற்கான பூட்டு. ஆஸ்பத்திரியில் வைஃபை போனதும், வெளியே அனுப்ப முடியாத பழைய பதிவுகள் பெட்டிக்குள் சேர்ந்து மெமரி வறண்டுவிட்டது. கொலைகாரன் வந்து, திரையில் அலைக்கோடு வரையும் நிரலைத் தேர்ந்தெடுத்துவிட்டான். ஆனால் அந்த நிரல் சாகவும் அந்தப் பூட்டுத் திறக்க வேண்டும். பூட்டு டிரைவரிடம். டிரைவர் மெமரிக்குக் காத்திருக்கிறது. மெமரி அந்த நிரல் செத்தால்தான் கிடைக்கும். இப்படி ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்தபடி எல்லோரும் நிற்கிறார்கள். திரையில் 94.

பெட்டி செத்துவிட்டால் தானாகத் திரும்ப எழுப்ப ஒரு காவல் நிரல் இருக்கிறது. அதற்கு மெமரியே வேண்டாம். ஆகவே அது மட்டும் நொடிக்கொரு தரம் எல்லாம் நலம், எல்லாம் நலம் என்று தெரிவித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நம் சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை? இல்லை என்று சொல்லிப் பார்க்கும் சோதனை, இல்லை என்று சொல்லக்கூடாது என்ற குறி இருப்பவர்களைத் தொடாமல் விட்டுவிடும். அதன் விதியே அப்படி. எந்த ஒன்றைச் சோதித்திருக்க வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் அலசியிருக்கிறோம். சனிக்கிழமை கைகுலுக்கியது ஞாபகம் வந்து வெட்கமாகப் போயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

அந்தக் குறியை ஏன் போட்டீர்கள் என்று பூபதியிடம் போனில் கேட்டேன். நிதானமாகத்தான் கேட்டேன். எதிர் மேசைக்காரர் எழுந்து வெளியே போனார், அவருக்கு என்ன அவசரமோ.

பூபதி சொன்னார்: "மெமரி இல்லைன்னு வந்தா அலாரம் என்ன செய்யோணும்னு எழுதணுமில்லைங்களா மேடம். அடிக்காதுன்னு எழுத எனக்குக் கை வரலீங்க. உங்ககிட்ட வந்து கேக்கறதுக்கும் ஒரு மாதிரி இருந்துச்சுங்க."

என்னிடம் கேட்க என்ன ஒரு மாதிரி? நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்.

நவம்பர் 15, சனி

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது, எழுதவும் பிடிக்கவில்லை.

காலிப் படுக்கை ஒன்றில் புதிய நிரலைச் சோதிக்க இடம் கேட்டுச் சிஸ்டர் அமலிக்குப் போன் செய்தேன். தாராளமாகச் செய்யலாம், பூபதி சார்தான் எந்நேரமும் இங்கேயே இருக்கிறாரே என்றார். பொறுப்பான மனிதர் என்றேன். சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அவரு சம்சாரத்தை மேல் மாடியில சேத்திருக்குதுங்களே மேடம். உங்களுக்குத் தெரியாதுங்களா? திங்கக்கிழமை பாப்பா பொறந்துச்சு. ஏழு மாசத்துலயே எடுக்க வேண்டியதாப் போச்சு. நம்ம வார்டுலதான் இருக்குது."

எந்தப் படுக்கை என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"மூணுங்க. அன்னைக்கு நின்னது அவரு பாப்பாவோட பெட்டிதானுங்க."

மனைவி கோகிலாவுக்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நான் அவரை ஈரோட்டுக்கு அனுப்பியதால், கோபியில் தாய்வீட்டில் இருந்தவளை அழைத்து வந்து இந்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறார். வார்டுக்கும் மாடிக்குமாக ஓடியிருக்கிறார். அந்த மூச்சிரைப்பு. வெள்ளிக்கிழமை என்று இழுத்தது ஸ்கேனுக்காக. புதன்கிழமை அவர் பார்த்துக்கொண்டிருந்தது பெட்டியை இல்லை, மகளை. மகள் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மெமரியைப் படியெடுத்து அனுப்பியிருக்கிறார். அதன் பிறகு, என்ன ஆனாலும் நம் பெட்டியைத் தன் பிள்ளைக்கு மாட்ட வேண்டாம் என்று சிஸ்டரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சிஸ்டருக்குத் தெரிகிறது, வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபத்தோடே போன் செய்து வாழ்த்துகள் என்றேன். உடனே லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இங்கதானுங்க இருக்கேன், லீவு எதுக்குங்க" என்றார். பாப்பா எடை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். போனை வைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் இருந்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி மடித்தேன்.

நவம்பர் 17, திங்கள்

அந்தக் குறியை எடுத்துவிட்டேன். அலாரத்துக்கென்று கொஞ்சம் மெமரியை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்தாயிற்று, வேறு யாரும் அதைத் தொட முடியாது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இனி யாரும் மெமரி கேட்கக் கூடாது. ஒதுக்கியதும் தீர்ந்துபோனால்? பூபதிக்குக் கை வராத அந்த இடத்தை நான் உட்கார்ந்து எழுதினேன். திரை முழுக்கச் சிவப்பாக வேண்டும், எண்கள் மறைய வேண்டும், பெட்டி தன் முழுக் குரலில் அலற வேண்டும். திரையில் ஒரே வரி: கருவி வேலை செய்யவில்லை, குழந்தையைப் பாருங்கள்.

ஐந்தே ஐந்து சொற்கள். எழுதி முடிக்க அரை நாள் ஆயிற்று. நம் பெட்டி தோற்றுப்போகும் என்று நம் கையாலேயே எழுதுவது எவ்வளவு கசப்பான வேலை என்று இப்போது தெரிகிறது.

நவம்பர் 19, புதன்

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. இந்த முறை ஒருவரையும் விடவில்லை. நிஜமாகவே மெமரியை வறள வைத்தும் பார்த்தோம். சிவப்புத் திரை ஒவ்வொரு தடவையும் வந்தது. அலாரம் அடித்தாயிற்று என்ற பதிலும் ஒவ்வொரு தடவையும் வந்தது. ஜெகதீசன் சார் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். புதிய நிரல் ஈரோட்டுக்குப் போய்விட்டது, பூபதி காலிப் படுக்கையில் ஓட்டிப் பார்க்கிறார்.

நவம்பர் 20, வியாழன்

பூபதியின் அறிக்கை வந்தது. "நல்லா இருக்குதுங்க மேடம்." அவ்வளவுதான்.

இதற்குக் குதிக்க வேண்டும். நானோ அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு வருஷமாக இந்த மனிதர் எனக்கு அனுப்பிய எல்லா அறிக்கையும் இப்படித்தான் இருந்திருக்கிறது. அதில் எத்தனை நிஜம்? நாளை நேரில் போகிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

பஸ்ஸில் போனேன். வார்டை இதற்கு முன்னால் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கையைக் கழுவி, நீல அங்கி மாட்டி, உள்ளே போனேன். மூன்றாம் படுக்கையில் பூபதியின் மகள். என் உள்ளங்கை நீளம்கூட இருக்காது அவள் கால். பழைய மானிட்டர் பக்கத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே வராந்தாவில் பூபதி நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார். கோகிலா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன். பிறகு கேட்டேன்.

"உங்க பாப்பாவுக்கு இப்ப நம்ம பெட்டியை மாட்டலாமா?"

செருப்பைப் பார்த்தார். "மாட்டலாமுங்க" என்றார்.

வேண்டாம் என்று சொன்னால் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்றேன். எனக்கே அது அதட்டல் மாதிரிதான் கேட்டது. ஆகவே அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன், அவரையும் உட்கார வைத்தேன். ஒரு சொல்லும் பேசாமல் இருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். காபிக்காரர் ஒரு முறை வந்து போனார், மறுபடியும் வந்து போனார்.

"வேண்டாங்க மேடம்" என்றார் பூபதி. "சத்தம் வரலீங்க. திரை செவப்பாகுது. ஆனா சத்தம் வரலீங்க."

நான் புரியாமல் பார்த்தேன். சோதனையில் அடித்தாயிற்று என்றுதானே பதில் வந்தது?

அவர் சொன்னார், முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிற்காமல். சத்தம் எழுப்பும் பகுதி நாங்கள் வெளியிலிருந்து வாங்கியது. அதற்கும் மெமரி வேண்டும். அது தன் தேவையைத் தானே கேட்டுக்கொள்கிறது, நாம் ஒதுக்கி வைத்ததில் அதற்குப் பங்கில்லை. கெர்னல் இல்லை என்று சொன்னதும் அது சத்தம் போடாமலேயே திரும்பி வந்து, அடித்தாயிற்று என்று பதில் சொல்லிவிடுகிறது. கோவையில் நம் ஆபீசில் இது ஏன் தெரியவில்லை? நாள் முழுக்க அலறுகிறது, தலைவலி என்று சொல்லி மேசையில் இருக்கும் எல்லாப் பெட்டிகளின் ஸ்பீக்கர் வயரையும் கழற்றி வைத்திருக்கிறோம். சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"நேத்து ஏன் நல்லா இருக்குதுன்னு எழுதினீங்க?"

"எல்லாரும் மைசூர்பாகு சாப்பிட்டிருந்தீங்க மேடம்" என்றார்.

சிஸ்டர்கள் திரையைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஒரு குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இன்னொரு குழந்தைக்குப் பால் குழாய் போடுகிறார்கள். பன்னிரண்டு படுக்கை, இரண்டு சிஸ்டர். அவர்களுக்குக் காதுதான் கண்.

அந்த வராந்தாவிலேயே ஜெகதீசன் சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அதே தேன் குரலில், "உமையாள், இன்னும் ரெண்டு நாள் முழுசா இருக்கு. நீங்க நினைச்சா சரிபண்ணிடலாமில்ல?" என்றார்.

பண்ணிடலாம் சார். அது என் தொண்டை வரை வந்துவிட்டது. இருபது வருஷமாக இந்த மாதிரிக் குரலுக்கு நான் சொல்லிவந்த ஒரே பதில் அதுதான். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டு வந்து பூபதியின் தலையில் இறக்கியிருக்கிறேன். போனைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டேன்.

"முடியாது சார்" என்றேன்.

"பெட்டி சரின்னு வேற யாராவது கையெழுத்துப் போடுவாங்களான்னு பாக்கறேன்" என்றார். பாருங்கள் சார், சத்தம் வராது என்று ஆஸ்பத்திரிக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்றேன். எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் அமலி வாங்கிப் படித்துவிட்டு, இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா என்று கேட்டார்.

நவம்பர் 22, சனி

ஜெகதீசன் சாரிடமிருந்து போன் வரவில்லை. சாதத்தைக் குழைய விட்டுவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

ஆபீஸ் வாசலில் என் அடையாள அட்டையை வைக்கும்போது கதவு திறக்காது என்றுதான் நினைத்தேன். திறந்தது. ஜெகதீசன் சார் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை போலிருக்கிறது. வார்டில் பழைய மானிட்டர்களே ஓடுகின்றன. சத்தம் எழுப்பும் பகுதியை நாமே எழுதுவதாக முடிவு, எப்போது முடியும் என்று கேட்டதற்குத் தெரியாது என்றேன். வேலை இருக்குமா என்பது மாசக் கடைசியில் தெரியும்.

எல்லா ஸ்பீக்கர் வயரையும் மாட்டிவிட்டேன். அறையே அலறுகிறது. எதிர் மேசைக்காரர் பஞ்சு வாங்கி வந்து காதில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் புறப்படுகிற நேரத்தில் பூபதியிடமிருந்து செய்தி: "மேடம், பாப்பாவைக் கோகிலாவோட மடியில முதல் முறை வெக்கறாங்க. நாளைக்கு வேலைக்கு வர முடியாதுங்க."

படித்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்த அலறலில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு, சரி என்று பதில் போட்டேன்.